ஒரு மணியில் நின்ற முள்

எங்கள் காரின் டாஷ்போர்டில் ஆயில் பிரஷர் காட்டும் மீட்டர் ஒன்று இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டம். அதன் கண்ணாடியின்மேல் சிவப்பு நெயில் பாலிஷால் வைத்த ஒரு புள்ளி சில மாதங்கள் இருந்தது. வைத்தது என் அக்கா. மீட்டரில் எண்கள் உண்டு. ஆனால் அக்கா அவற்றைப் படித்ததே இல்லை. சுவர்க் கடிகாரம் பார்ப்பதுபோல, முள் எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்ப்பாள். அவள் புள்ளி வைத்த இடம் ஒரு மணி.

கார் அப்பாவுடையது. உருண்டை முகம், கனத்த கதவுகள், நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். அப்பாவுக்குப் பிறகு அது அக்காவுக்கும் எனக்கும் பொதுவாயிற்று. தொம்மலூரில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் இரண்டாவது வண்டிக்கு இடம் கிடையாது. அதனால் விவேக் நகரில் அக்கா வீட்டுப் போர்ட்டிகோவில் நின்றது. ஓட்டியதும் அவள்தான். அக்கா பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு உடைந்தவர்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுப்பவள். ஈஜிபுராவுக்கும் அல்சூருக்கும் அந்தக் காரில்தான் போய் வருவாள். ஞாயிறு காலைகளில் நான் வருவேன். போக்குவரத்து தொடங்குமுன் இருவரும் ஓசூர் ரோட்டில் ஒரு சுற்றுப் போவோம். முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துத் தேதியோடு குறித்துக்கொள்வேன்.

தேதி குறிப்பது என் வழக்கம். வீட்டில் பல்பு மாற்றினால்கூட அதன் அடியில் அன்றைய தேதி இருக்கும். நான் தாலி கட்டிய நாளை மறந்துவிட்டு மனைவியிடம் திட்டு வாங்குகிறவன், ஆயில் மாற்றிய நாளை மட்டும் மறக்காதவன் என்று அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

போன வருஷத்துக்கு முந்தைய கார்த்திகையில், ஓசூரிலிருந்து திரும்பும்போது என்ஜினின் அடிவயிற்றிலிருந்து தட்தட் என்று சத்தம் வந்தது. வண்டியைக் கட்டி இழுத்து வரும்படி ஆயிற்று. உள்ளே கிராங்க் என்னும் தண்டு சுற்றும் பேரிங்குகள் தேய்ந்துபோயிருந்தன. சத்தம் வந்தபோது நான் மீட்டரைப் பார்த்தேன். முள் ஒரு மணியில் நின்றது. எப்போதும் நிற்கும் அதே இடம். ஆயில் அழுத்தம் அவ்வளவு நன்றாக இருக்கும்போது பேரிங் எப்படித் தேயும்? அந்தக் கேள்வியை அப்போது யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் அது என்னை விட்டுப் போகவும் இல்லை.

என்ஜினைப் பிரித்தது ஒரு பொழுதில் முடிந்தது, சேர்ப்பதுதான் இழுத்தது. லேத்காரர் தாமதம், பாகங்கள் தாமதம், எனக்கு விடுமுறை கிடைப்பது தாமதம். அதுவரை அக்கா, தோளில் ஒரு பையும் கையில் உடற்பயிற்சிக் கட்டைகளுமாக ஆட்டோவில் போய் வந்துகொண்டிருந்தாள். ஆடி மாதம் ஒரு ஞாயிறு, போர்ட்டிகோவில் ஸ்டாண்டின்மேல் தொங்கிக்கொண்டிருந்த வெற்று என்ஜினைப் பார்த்தபடி சொன்னாள்:

"இத பாரு தம்பி. எனக்கு ஓடுற வண்டி வேணும். அத்திபெலேல ஒருத்தர் டீசல் என்ஜின் போட்டுத் தரேங்கிறார். இத அவரே எடுத்துக்குவாராம். நான் சரின்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

எடுத்துக்கொண்டு என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை. பழைய இரும்பு எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் தவணை மட்டும் கேட்டேன். அவள் உள்ளே போய் நெயில் பாலிஷ் புட்டியை எடுத்து வந்தாள். காருக்குள் உட்கார்ந்து, மீட்டர் கண்ணாடியில் புள்ளியை வைத்தாள்.

"ஆயுத பூஜை வரைக்கும் டைம். முள்ளு பழையபடி இங்க வந்து நிக்கட்டும். நின்னா உன் என்ஜின். நிக்கலன்னா விஜயதசமி அன்னிக்கு வண்டி அத்திபெலேக்குப் போவும். அப்புறம் நீ மூஞ்சத் தூக்கி வெச்சிக்கக் கூடாது."

நான் ஒப்புக்கொண்டேன். இருவரும் கைகூடக் கொடுத்துக்கொண்டோம்.

வேலையைச் செய்தவர் விவேக் நகர் தேவாலயத்துக்குப் பின் சந்தில் பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரி. என் வயதுக்காரர். பிறந்தது வளர்ந்தது எல்லாம் கண்டோன்மென்ட் பக்கம். தமிழிலேயே கன்னடமும் தக்னி உருதுவும் கலந்து பேசுவார். தன் கைமேல் அவருக்கு அபார நம்பிக்கை, அந்த நம்பிக்கைக்குத் தகுந்த கையும்கூட. வியாழக்கிழமைகளில் நவநாள் ஜெபத்துக்கு வரும் கூட்டத்தில் அந்தச் சந்திலிருந்து ஒரு வண்டியும் வெளியே வர முடியாது. ஆகவே அன்று பட்டறையைச் சாத்திவிட்டு எங்கள் போர்ட்டிகோவுக்கு வந்துவிடுவார். நானும் வியாழன்களாகப் பார்த்து விடுப்பு எடுத்தேன்.

கிராங்கைப் பற்றி அவர் முதலிலேயே எச்சரித்திருந்தார். பேரிங் தேயும் ஒவ்வொரு முறையும் கிராங்கை மயிரிழையளவு கடைந்து, அதற்கேற்றபடி தடிமனான புது பேரிங் போடுவார்கள். அதற்கும் ஓர் எல்லை உண்டு. எங்கள் கிராங்க் இந்த முறை அந்த எல்லைக்கு வந்துவிட்டது. இந்த பேரிங்குகளும் கெட்டால் இனிக் கடைய ஒன்றும் மிச்சமில்லை.

புரட்டாசியில் கிராங்க் உள்ளே உட்கார்ந்தது, பிஸ்டன்கள் ஏறின, ஆயில் பம்ப் புதிதாக வந்து பொருந்தியது. மஹாளய அமாவாசை கழிந்த வியாழன், ஆயில் தேங்கும் அடித்தட்டை மூடிவிடலாம் என்றார் மேஸ்திரி. அப்போதுதான் நான் ரிலீஃப் வால்வைக் காட்டி, இதைத் திறக்கவில்லையே என்றேன்.

என்ஜின் பிளாக்கின் இடப்பக்கம், பின்மூலையில், தொப்பி போட்ட ஒரு பெரிய நட்டு. அதற்குள் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்கு முன்னால் விரல்நுனியளவு கிண்ணம்போல ஒரு வால்வு. குக்கரின் வெயிட் செய்யும் வேலைதான். ஆயில் அழுத்தம் ஓர் அளவுக்குமேல் போனால் அழுத்தமே ஸ்பிரிங்கைப் பின்னுக்குத் தள்ளும், வால்வு விலகும், மிகுதி ஆயில் கீழே அடித்தட்டில் வடிந்துவிடும். ஸ்பிரிங் தளர்ந்தால் வால்வு சீக்கிரமே திறந்துகொள்ளும், பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயில் கீழே போய்விடும். வால்வு சிக்கிக்கொண்டால் அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும்.

"நக்கோ சார், வேணாம்," என்றார் மேஸ்திரி. "அது நல்லா இருந்துச்சு. முள்ளு ஒரு மணில நின்னுச்சின்னு நீங்கதானே சொல்றீங்க? நல்லா இருக்கிறத எதுக்குத் தொடறது?"

"நல்லா இருந்தா பேரிங் ஏன் போச்சு மேஸ்திரி?"

"வயசு சார். உங்களுக்கு முட்டி போகல?"

போர்ட்டிகோ படியில் உட்கார்ந்திருந்த அக்கா சிரித்தாள். முட்டியைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அவளுக்கு அது தொழில் பேச்சு.

அவர் மறுத்ததற்கு நியாயமான காரணமும் இருந்தது. அந்த நட்டு வருஷக்கணக்கில் இறுகிப்போயிருக்கும். தலை மழுங்கினாலும் கெட்டது, மரை அறுந்தாலும் கெட்டது. அறுபடுவது பிளாக்கின் மரை. இத்தனை மாத வேலை அதோடு போகும். இருபது என்ஜின் கட்டியிருந்தும் ஒன்றில்கூட அதைத் திறந்ததில்லை என்றார். நான் பிடித்த பிடியை விடவில்லை. திறக்காமல் இந்த என்ஜினை ஓட்டப் போவதில்லை என்றேன். சரி, திறப்பது நீங்கள், உடைத்தால் உடைத்ததும் நீங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அன்று நட்டு அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி, துணியைச் சுற்றி ஊறவிட்டேன். வெள்ளி மாலை அலுவலகத்திலிருந்து நேரே வந்து மறுபடி ஊற்றினேன். சனிக்கிழமை நட்டின் தலையில் பித்தளைத் துண்டை வைத்துச் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டினேன். மரை மூலைகளில் கெட்டித்த அழுக்குக்கு அந்த அதிர்வு ஒன்றுதான் மருந்து. ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் தேடி, அந்தப் பழைய அளவுக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு ரிங் ஸ்பேனர் வாங்கி வந்தேன். சற்றே பெரிய ஸ்பேனர் போதும் என்று கடைக்காரர் சொன்னதை நான் கேட்டிருந்தால் தலை அன்றே மழுங்கியிருக்கும்.

ஞாயிறு காலை, தேவாலயத்தில் முதல் பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தபோது, ஸ்பேனரின்மேல் ஒரு குழாயைச் செருகி உடம்பின் பாரத்தை மெதுவாக இறக்கினேன். டக்கென்று ஒரு சத்தம். உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். இன்னொரு முறை திருப்பிப் பார்த்தேன். நட்டு சுற்றியது.

நட்டை உருவியதும் ஸ்பிரிங் தானாக வெளியே எட்டிப் பார்த்தது. அதை எடுத்துக் கையில் வைத்தேன். நட்டின் குழிக்குள் பழைய ஆயில் கருப்பாகத் தேங்கியிருந்தது. துணியால் துடைத்தபோது அடியில் ஏதோ ஒரு தகடு விரலுக்குப் பட்டது. வாஷர் என்று நினைத்தேன். வண்டியோடு வந்த பழுதுபார்க்கும் புத்தகத்தில் அந்த இடத்தில் வாஷர் எதுவும் கிடையாது. காந்தத்தால் இழுத்தேன், ஒட்டிக்கொண்டு வந்தது. மண்ணெண்ணெயில் கழுவினேன்.

ஐம்பது பைசா. எந்தக் கடையிலும் யாரும் வாங்காத, அந்தச் சின்ன எவர்சில்வர் நாணயம். குழிக்குள் அடங்குவதற்காக விளிம்பைச் சுற்றி அரத்தால் ராவியிருந்தார்கள். பார்த்துப் பார்த்துச் செய்த வேலை.

காசு வைப்பது என்று பட்டறைகளில் இதற்குப் பெயர். நானும் கேள்விப்பட்டிருந்தேன். தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றுவதற்குப் பதிலாக அதன் பின்னால் ஒரு காசை வைத்துவிட்டால் ஸ்பிரிங் இறுகும், மீட்டரில் முள் ஏறும், வண்டிக்காரர் சந்தோஷமாகப் போவார். பேரிங் தேய்ந்துகொண்டே இருக்கும். ஓட்டத்தில் முள் அதைக் காட்டாது.

விளிம்பு போயிருந்தாலும் அச்சிட்ட ஆண்டு தேயாமல் இருந்தது. கண்ணாடி போட்டு ஒருமுறை, கழற்றித் துடைத்துப் போட்டு மறுமுறை படித்தேன். அப்பா போன ஆண்டுக்கு அடுத்த ஆண்டு. ஆக, அப்பா வைத்த காசு இல்லை இது. அவர் காலத்தில் அந்தக் காசே பிறந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு இந்த வண்டியை ஓட்டியவர் ஒரே ஒருவர்தான்.

அக்கா காய்கறி வாங்கிக்கொண்டு கேட்டைத் திறந்து உள்ளே வந்தாள். நான் காசை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். பையைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்தாள். முகம் மாறியதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"இது இன்னுமா அதுல இருக்கு?" என்றாள்.

பிறகு சொன்னாள். அப்பா போன மறுவருஷம், கிருஷ்ணகிரியில் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தாளாம். நல்ல மழை. அத்திபெலேயை நெருங்கும்போது முள் விழுந்து ஆயில் விளக்கு எரிய ஆரம்பித்திருக்கிறது. சோதனைச்சாவடிக்கு முன்னால் தகரக் கொட்டகை போட்ட ஒரு மெக்கானிக். அவன் இந்த நட்டைத் திறந்து பார்த்து, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, இப்போதைக்கு ஒரு காசு வைக்கிறேன், ஊர் போய் மாற்றிக்கொள்ளுங்கள் என்றிருக்கிறான். காசு இவள் பர்சிலிருந்துதான். முள் ஏறியது. வீடு வந்து சேர்ந்தாள்.

"ஏங்க்கா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் இருந்தேன். அந்த ஞாயித்துக்கிழமை நீ வந்த. வண்டில ஏறி மீட்டரப் பாத்த. முள்ளு ஒரு மணில நிக்குது, அக்கா, அப்பா இருந்தப்பகூட இப்பிடி நின்னதில்லன்னு சொல்லிட்டு சிரிச்ச." காய்கறிப் பையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அப்பா போனதுக்கப்புறம் நீ சிரிச்சது அன்னிக்குத்தான். நான் எப்பிடிடா போய் அது காசுன்னு சொல்லுவேன்? அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டேன். அப்புறம் மறந்தே போச்சு."

ஆடி மாதம் புள்ளி வைத்தபோதும் அவளுக்கு நினைவு வரவில்லை. தான் பர்சிலிருந்து எடுத்துக்கொடுத்த காசு ஏற்றிவைத்த இடத்தையே எனக்கு இலக்காக வைத்திருக்கிறாள்.

அன்று மாலை வந்த மேஸ்திரி காசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, ராவின கை நல்ல கை என்றார். என் கேள்விக்குப் பதில் கிடைத்ததையும் ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் யோசனை வேறாக இருந்தது. பேரிங் புதிது, பம்ப் புதிது, இந்தக் காசையும் இருந்த இடத்தில் வைத்துவிட்டால் முள் ஒரு மணியைத் தொடும். தொட்டால் அக்காவோடு செய்த ஒப்பந்தப்படி என்ஜின் தப்பும். ஸ்வல்ப நாள் கழித்து, எல்லாம் அடங்கிய பிறகு, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு ஆசை வராமல் இல்லை. ஆனால் கணக்கு தெளிவாக இருந்தது. தேய்ந்த பேரிங்கில் ஆயில் ஒழுக வழி இருந்தது, காசு வைத்தும் தாங்கியது. புது பேரிங்கில் இடைவெளியே கிடையாது. குளிர்ந்த காலையில் கெட்டியான ஆயில், விலகாத வால்வு: ஃபில்டரின் வளையம் பிதுங்கும், பம்ப்பைச் சுற்றும் பல்சக்கரத்துக்குச் சுமை ஏறும். ஏதாவது ஒன்று போய் ஆயில் நின்றால் கிராங்க் அவ்வளவுதான். காசு வைக்க மாட்டேன் என்றேன்.

"அப்போ நீ தோத்துட்ட," என்றாள் அக்கா. குரலில் கேலி இல்லை. "ஒரு மணின்னு கை குடுத்திருக்க."

"அந்த ஒரு மணி பொய்க்கா."

"இருக்கட்டும். எனக்கு அதுல வண்டி ஓடுச்சு. நாளு கிழமை பாக்காம ஓடுச்சு."

"உன் பேஷன்ட்டோட பி.பி. மிஷினுக்கு அடியில யாராவது காசு வெச்சா விடுவியா?"

அவள் டீ தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பேச்சு அதோடு நின்றது, ஒப்பந்தம் நிற்கவில்லை. விஜயதசமிக்கு வருவதாக அத்திபெலேக்காரருக்குப் போன் செய்து உறுதி சொன்னாள் என்று மறுநாள் தெரிந்தது.

எனக்கு மிச்சமிருந்தது நவராத்திரி நாட்கள் மட்டும். ஆயுத பூஜைக்கு முந்தைய மாலை மேஸ்திரி எல்லா ஸ்பேனர்களையும் கழுவிச் சாமிக்கு முன்னால் வைத்துவிடுவார். பூஜை முடிந்து மறுநாள் எடுக்கும்வரை எந்தக் கருவியையும் தொட மாட்டார், தொடவும் விட மாட்டார். அதற்குள் என்ஜின் காரில் ஏறி ஓட வேண்டும்.

முதலில் வால்வு. கிண்ணம் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு மரக்குச்சியை அதன் வாய்க்கு ஏற்றபடி சீவி, இறுக்கமாகச் செருகி, திருகித் திருகி வெளியே எடுத்தேன். அதன் பின்னால் சாம்பல் நிறத்தில் சேறு, சேற்றில் லேத்தின் இரும்புத்தூள். பிளாக்கைக் காஸ்டிக் தொட்டியில் வேகவைத்துக் கழுவியிருந்தார்கள், ஆனால் மூடியிருந்த இந்த மூலைக்குள் தண்ணீர் போகவில்லை. திறக்காமல் ஓட்டியிருந்தால் அந்தத் தூள் எங்கெல்லாம் போயிருக்கும் என்று மேஸ்திரியே சொல்லிவிட்டு, தானே குனிந்து பிரஷ்ஷால் தேய்த்துக் காற்றடித்துச் சுத்தம் செய்தார். அதன் பிறகு அவர் என்னோடு வாதாடவில்லை.

ஸ்பிரிங் புத்தகத்தில் சொன்ன நீளத்தைவிட நன்றாகவே குட்டையாகியிருந்தது. புதிதுக்கு மறுபடி ஜே.சி. ரோடு. முதல் கடையில் கொடுத்தது நீளம் சரி, கம்பி மெலிது. இரண்டாவது கடைக்காரர் கண்ணாலேயே பார்த்து அதேதான் சார் என்றார். நான் அளவெடுக்கும் வெர்னியரை வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவது கடையில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து, நானே தேடி, நீளமும் தடிமனும் சுற்றின் எண்ணிக்கையும் ஒத்துவந்த ஒன்றை எடுத்தேன்.

வால்வு உட்காரும் விளிம்பில் ஓரிடத்தில் கீறல் இருந்தது. கிண்ணத்தின் நுனியில் அரைக்கும் பசையைத் தடவி, துளைக்குள் விட்டு, அந்த மரக்குச்சியை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து மோர் கடைவதுபோல் உருட்டினேன். உருட்டுவது, எடுத்துத் துடைப்பது, மார்க்கர் மையைத் தடவி மறுபடி வைத்துத் திருப்பிப் பார்ப்பது. மை ஒரே சீரான வளையமாக அழிந்தால் வால்வு சரியாக உட்காருகிறது என்று பொருள். பாதி வளையம்தான் வந்தது. கடைந்தேன். முக்கால் வந்தது. உள்ளங்கை எரிந்தது. அக்கா ஒருமுறை வெளியே வந்து பார்த்து, தோளைத் தூக்காமல் செய், நாளைக்குக் கழுத்து திரும்பாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். முழு வளையம் வந்தபோது அடுத்த வீட்டில் கொலுவுக்குப் பாட ஆரம்பித்திருந்தார்கள்.

புது செப்பு வாஷர்கள் போட்டு நட்டை இறுக்கினேன். காசை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

என்ஜினைக் காரில் இறக்கியது ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு. பூஜைக்கு முந்தைய நாள் மாலை, மேஸ்திரி ஸ்பேனர்களைக் கழுவ மண்ணெண்ணெய்த் தட்டைத் தயாராக வைத்துக்கொண்டே, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றச் சொன்னார். பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றினால் என்ஜின் பற்றாது, ஆயில் பம்ப் மட்டும் சுற்றும், முள் ஏறுகிறதா என்று பார்க்கலாம். அக்காவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தோம். சுற்றினாள். முள் அசையவில்லை. நிறுத்தி, மறுபடி சுற்றினாள். அசையவில்லை.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் வால்வைத்தான் நினைத்தேன், அவரும் அதைத்தான் நினைத்திருப்பார். ஆனால் அவர் மீட்டருக்குப் போகும் குழாயை என்ஜின் பக்கம் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஊசிக்குழலால் ஆயில் ஊற்றினார். புது பம்ப் காய்ந்திருந்தால் உறிஞ்சாது. குழாயை மாட்டினார். அக்கா சுற்றினாள். முள் நடுங்கியது, எழுந்தது.

பிளக்குகளைப் பூட்டி ஸ்டார்ட் செய்தோம். இரண்டு இருமல், பிறகு பிடித்துக்கொண்டது. குளிர்ந்த என்ஜினில் முள் பன்னிரண்டைத் தொட்டது. சூடு ஏற ஏற இறங்கி, வேகமாகச் சுற்றும்போது பதினொன்றரையில் நின்றது. புத்தகம் சொன்ன எண்ணுக்கு நேரே. அக்கா புள்ளியைப் பார்த்தாள், முள்ளைப் பார்த்தாள்.

"பதினொண்ணரை," என்றாள். சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினாள்.

மேஸ்திரி ஸ்பேனர்களைத் தட்டில் போட்டுக் கழுவ ஆரம்பித்தார்.

பூஜையன்று காருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. என் ரிங் ஸ்பேனரும் சாமிக்கு முன்னால் இருந்தது. எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரத்தை ஏற்றியவள் அக்கா. அத்திபெலே பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

விஜயதசமி காலை அவள் பையை எடுத்துக்கொண்டு வந்து, ஏறு என்றாள். வார்த்தை கொடுத்துவிட்டு போனில் மாற்றிச் சொல்கிறவள் இல்லை அவள். போவது ஒப்படைக்கவா, சொல்லிவிட்டு வரவா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது என்றே இப்போது நினைக்கிறேன். ஸ்பேனரை எடுத்து என் காலடியில் வைத்துக்கொண்டேன்.

பொம்மனஹள்ளியில் நெரிசல். ஊர் திரும்புகிற வண்டிகளும் மாலை போட்ட லாரிகளுமாக ரோடு அடைத்துக் கிடந்தது. நகர்வதும் நிற்பதுமாக இருந்தோம். வெயில் ஏறியது. என்ஜின் நன்றாகச் சூடாகிவிட்டது. அப்போதுதான் அக்காவின் வலது காலைக் கவனித்தேன். வண்டி நிற்கும்போதெல்லாம் அவள் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து மிதித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக்கா மிதிக்கிற?"

"நின்னா முள்ளு விழுமே. சிவப்பு லைட்டு மினுக்குமே." சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள்.

ஞாயிறு காலை காலியான ரோட்டில் மட்டும் மீட்டர் பார்த்தவன் நான். வாரநாட்களில் சிக்னல் சிக்னலாக நின்றவள் அவள். ஓட்டத்தில் ஒரு மணி காட்டிய முள், நின்றால் விழுந்திருக்கிறது. கடைசி ஒரு வருஷமாவது அவள் அதைக் காலால் தாங்கிப் பிடித்திருக்கிறாள். எல்லாப் பழைய வண்டியும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாளாம்.

"கால எடுத்துப் பாரு," என்றேன்.

எடுத்தாள். முள் இறங்கியது. பத்து மணிக்கு வந்து நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. நகர்ந்து, மறுபடி நின்றோம். பத்து மணி. விளக்கு எரியவில்லை. அத்திபெலேவரை எத்தனையோ முறை நின்றோம். ஒருமுறைகூட அவள் கால் ஆக்சிலரேட்டருக்குப் போகவில்லை.

டீசல்காரர் மரியாதையான மனிதர். கேட்டருகிலேயே வந்து வரவேற்று, டீ சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த என்ஜினின்மேல் கை வைத்தார். பிறகு ஜன்னல் வழியாக மீட்டரை எட்டிப் பார்த்தார்.

"பிரஷர் கம்மியா காட்டுதே மேடம். புள்ளி எங்கியோ இருக்கு, முள்ளு எங்கியோ இருக்கு."

"புள்ளிதாங்க தப்பு," என்றாள் அக்கா.

பையைத் திறந்து, நோயாளிகளுக்காக வைத்திருக்கும் ஸ்பிரிட்டில் ஒரு பஞ்சை நனைத்து, மீட்டர் கண்ணாடியைத் துடைத்தாள். நெயில் பாலிஷ் லேசில் போகவில்லை. இன்னொரு பஞ்சு எடுத்தாள். நகத்தால் சுரண்டினாள். கடைசியில் போயிற்று. அவரிடம், சிரமம் கொடுத்துவிட்டேன், என்ஜின் மாற்றப் போவதில்லை, நேரில் சொல்லத்தான் வந்தேன் என்றாள். அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. டீ மட்டும் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்.

திரும்பி வந்து போர்ட்டிகோவில் நிறுத்தியதும் நான் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போனேன். தொப்பி நட்டின் கீழ் ஒரு துளி ஆயில். செப்பு வாஷர் சூட்டில் இன்னும் கொஞ்சம் படிந்திருக்கிறது. ஸ்பேனரை நீட்டும்படி கேட்டேன். அக்கா குனிந்து நீட்டினாள். பிடியில் நேற்றைய குங்குமம் அப்படியே இருந்தது, என் கட்டைவிரலில் ஒட்டியது.

"இன்னாடா, ஒழுகுதா?"

"ஒரு துளி."

கால் சுற்று இறுக்கினேன். துணியால் துடைத்துவிட்டு, என்ஜினை ஓடவிடச் சொன்னேன். அவள் ஏறி ஸ்டார்ட் செய்தாள். நான் முதுகு சிமெண்டில் பட, டார்ச்சை நட்டின்மேல் பிடித்துக்கொண்டு, அடுத்த துளி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். அவள் மேலேயிருந்து இரண்டு முறை கேட்டாள். வரவில்லை என்றேன்.